கூடப் பொறந்தவன் என்ன ஆனான்?

போன டிசம்பரில் ஒரு ராத்திரி. வெளியே விடாத மழை, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத நிலைமை. கனமாக எதையும் பார்க்கும் மனநிலை இல்லை. நெட்ஃப்ளிக்ஸில் கை போன போக்கில் ‘தி நைட் பிஃபோர் கிறிஸ்துமஸ்’ படத்தைப் போட்டேன். 2019 நவம்பரில் வந்த படம். பக்கத்தில் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். சப்டைட்டிலை நான் அங்கங்கே தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு கட்டத்துக்கு மேல் நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. இந்த மாதிரிப் படங்களுக்கு மொழி ஒரு தடையே கிடையாது. யார் யாரை விரும்புவார்கள் என்பது பத்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நாம் பார்ப்பது பனியையும் விளக்குகளையும்தான்.

படம் முடிந்ததும் அம்மா கேட்டார்: “ஏண்டா, அந்தக் குதிரக்காரன் இங்கயே தங்கிட்டான். சரி. அவன் கூடப் பொறந்தவன் என்ன ஆனான்?”

நான் சிரித்தேன். “அம்மா, அது காமெடிப் படம்மா” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பூண்டுத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டு எழுந்து போனார். ஆனால் கேள்வி போகவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில்.

*

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பாய்லர் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், இந்த வகைப் படங்களில் ஸ்பாய்லர் என்று ஒன்று இல்லை.

1334ஆம் ஆண்டு டிசம்பர், இங்கிலாந்தின் நார்விச். சர் கோல் என்னும் இளம் வீரன் காட்டில் ஒரு கிழவியைச் சந்திக்கிறான். அவளுக்கு உதவ முன்வருகிறான். பதிலுக்கு அவள் அவனைத் தூர தேசத்துக்கு அனுப்புகிறாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நள்ளிரவுக்குள் தன் கடமையை நிறைவேற்றினால்தான் அவன் உண்மையான வீரன் ஆவான். என்ன கடமை என்பதை மட்டும் கிழவி சொல்வதில்லை. கண்விழித்தால் 2019, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிரேஸ்பிரிட்ஜ் என்ற கற்பனைச் சிற்றூர். அங்கே புரூக் என்ற அறிவியல் ஆசிரியை. காதலில் ஏமாந்தவள், பெற்றோரை இழந்தவள். அவள் காரில் அடிபடுகிறான் கோல். தலையில் அடிபட்டதால் நினைவு தப்பிவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டுகிறார்கள். குற்றவுணர்வில் அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிவருகிறாள். மிச்சத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

வனெசா ஹட்ஜன்ஸ், ஜோஷ் ஒயிட்ஹவுஸ் நடிப்பு, மோனிகா மிட்செல் இயக்கம். நெட்ஃப்ளிக்ஸ் படம் என்றாலும் இதன் குலம் கோத்திரம் தொலைக்காட்சிதான். அமெரிக்காவில் ஹால்மார்க் சேனல் 2009 முதல் ஆண்டுதோறும் ‘கவுண்ட்டவுன் டு கிறிஸ்துமஸ்’ என்ற பெயரில் வரிசையாக இப்படிப் படங்களை இறக்குகிறது. குறைந்த பட்ஜெட், சில வாரங்களில் முடியும் படப்பிடிப்பு, பெரும்பாலும் கனடா, பல சமயம் கோடைக்காலத்தில் செயற்கைப் பனி. சிற்றூர், பேக்கரி, மரம் ஏற்றும் விழா, கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரு முத்தம். இந்தச் சட்டகத்துக்குள் காலப்பயணத்தை நுழைப்பது தனி உபவகையாகவே வளர்ந்துவிட்டது. ஹால்மார்க்கின் ‘எ டைம்லெஸ் கிறிஸ்துமஸ்’ படத்தில் 1903இலிருந்து ஒரு செல்வந்தன் 2020க்கு வந்து விழுகிறான். அவன் மாளிகை சுற்றுலாத் தலமாகிவிட்டது, அதைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிப் பெண்தான் நாயகி.

இதையெல்லாம் கிரிஞ்ச் என்று ஒதுக்குவது சுலபம். நானும் ஒதுக்கியவன்தான். ஆனால் லட்சக்கணக்கானவர்கள் வருடா வருடம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்றால், அந்தக் கதை அவர்களுக்கு ஏதோ ஒன்றைச் செய்துகொடுக்கிறது என்று அர்த்தம். அது என்ன என்று பார்ப்பதும் விமர்சகனின் வேலைதான்.

*

இந்தப் படத்துக்கு நியாயமாகச் சேர வேண்டிய பாராட்டைக் கொடுத்துவிடலாம்.

காலம் தாண்டிய காதல் கதைகளில் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இருவரில் யார் தன் நூற்றாண்டை விட்டுக்கொடுக்கிறார்கள்? ‘கேட் அண்ட் லியோபோல்ட்’ (2001) நினைவிருக்கலாம். 1876இலிருந்து வந்த பிரபுவைக் காதலிக்கும் கேட், கடைசியில் தன் வேலை, பதவி உயர்வு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குக் குதிக்கிறாள். அங்கே பெண்ணுக்கு ஓட்டுரிமை கிடையாது. அதைப் பற்றிப் படம் மூச்சுவிடாது. சிற்றூர் கிறிஸ்துமஸ் படங்களிலும் வழக்கமாகப் பெண்தான் நகரத்து வேலையை உதறுவாள்.

இங்கே புரூக் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. அவள் ஆசிரியை, ஆசிரியையாகவே இருக்கிறாள். படத்தின் தொடக்கத்தில் காதல் தோல்வியில் அழும் மாணவியிடம், கவசம் அணிந்த வீரன் என்பதெல்லாம் கட்டுக்கதை, படிப்பைப் பார் என்று அறிவுரை சொல்கிறாள். பிறகு கவசம் அணிந்த வீரனே நேரில் வந்து நிற்கும்போதும் படம் அவளைக் கேலி செய்வதில்லை. நாட்டை, காலத்தை, பட்டத்தை விட்டுவிட்டு வருபவன் ஆண். ஹாட் சாக்லேட் குடித்துக் குழந்தை மாதிரி மகிழ்கிறவன். தொலைக்காட்சி முன்னால் நகராமல் உட்கார்ந்திருப்பவன். ஜோஷ் ஒயிட்ஹவுஸ் இதை முழு நம்பிக்கையோடு செய்கிறார், கண் சிமிட்டி “நானும் உங்கள் கட்சிதான்” என்று சொல்லிவிடாமல். இந்த வகை நடிப்பில் அதுதான் கஷ்டம்.

இன்னொரு நல்ல நகைச்சுவை. கோல் வந்து விழும் இடம் கோட்டை வடிவில் அமைத்த ஒரு கிறிஸ்துமஸ் கண்காட்சி. உண்மையான இடைக்கால வீரனை எல்லோரும் வேஷம் போட்ட ஊழியன் என்று நினைக்கிறார்கள். கடந்த காலம் நேரில் வந்தாலும் நமக்கு அது காஸ்ட்யூமாகத்தான் தெரியும் என்பதைப் படம் தன்னையறியாமல் ஒப்புக்கொள்ளும் இடம் இது. அதற்குப் பிறகு படமும் அவனைக் காஸ்ட்யூமாகத்தான் பார்க்கிறது.

*

ஏன் 1334? படத்தில் காரணம் இல்லை. ஆனால் அந்த எண்ணை எழுதியாகிவிட்டது, எழுதிய எண்ணுக்கு ஒரு கனம் உண்டு.

கோலுக்கு இருபத்தைந்து வயது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1315 முதல் 1317 வரை வட ஐரோப்பாவை உலுக்கிய பெரும்பஞ்சத்தை அவன் சின்னப் பையனாகப் பார்த்திருப்பான். விடாத மழையில் பயிர் அழுகிய ஆண்டுகள் அவை. அவன் வீரனாக நிமிர்ந்து நிற்பதற்குப் பின்னால் நிலம் உண்டு, அந்த நிலத்தில் கட்டாய வேலை செய்த பண்ணையடிமைகள் உண்டு. அவன் ஊர்ப்பக்கத்துக் கிறிஸ்துமஸில் விருந்து இருந்தது, உண்மைதான். பன்னிரண்டு நாள் கொண்டாட்டம். ஆனால் அந்த விருந்துக்குக் குடியானவர்கள் பிரபுவுக்குக் கோழியை வரியாகக் கொண்டுவந்து கொடுக்கும் வழக்கமும் சேர்த்துதான். கிறிஸ்துமஸ் மரம் இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு வருவதற்கு இன்னும் ஐந்நூறு வருடம் ஆகும்.

மொழியை விட்டுவிடலாம், எந்தக் காலப்பயணப் படமும் அதைத் தாங்காது. ஆனாலும் ஒரு சங்கதி. படத்தின் தலைப்பே ஒரு சிலேடை. 1823இல் வெளியான, கிறிஸ்துமஸ் தாத்தா கூரை வழியாக வரும் புகழ்பெற்ற கவிதையை நினைவூட்டி, ‘இரவு’ என்ற சொல்லின் இடத்தில் அதே ஒலியுள்ள ‘வீரன்’ என்ற சொல்லை வைக்கிறது. கோலின் காலத்தில் இந்தச் சிலேடை வேலை செய்யாது. அன்றைக்கு வீரனைக் குறித்த சொல்லின் முதலெழுத்தை ஊமையாக்காமல் உச்சரித்தார்கள், ‘க்னிஹ்ட்’ என்பதுபோல. தன்னைப் பற்றிய படத்தின் தலைப்பில் இருக்கும் ஜோக் அவனுக்கே புரியாது.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டில்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. 1334க்கு மூன்று வருடம் கழித்து, 1337இல், நூறாண்டுப் போர் தொடங்குகிறது. 1346இல் கிரெஸி போர்க்களம். 1348 கோடையில் கறுப்புச் சாவு என்னும் கொள்ளைநோய் இங்கிலாந்தின் தென்கரையில் இறங்குகிறது. 1349இல் அது நார்விச்சில். இங்கிலாந்தின் மக்களில் மூன்றிலொரு பங்கிலிருந்து பாதிவரை செத்துப்போனார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு.

அந்தக் கிழவி அவனைத் தூக்கி இந்தப்பக்கம் போட்டதும், பதினான்கு வருடத்தில் வரப்போகும் சாவிலிருந்து அவனைக் காப்பாற்றியதும் ஒன்றுதான். அவன் தப்பித்தான். அவனுடைய சகோதரன் ஜெஃப்ரி அங்கேயே இருக்கிறான்.

படத்தின் இறுதிப் பகுதியில் கோல் தன் காலத்துக்குத் திரும்பிப் போகிறான். ஜெஃப்ரி வீரப்பட்டம் பெறுவதைப் பார்க்கிறான். மனம் அங்கே ஒட்டவில்லை, மறுபடி புரூக்கிடம் வருகிறான். நார்விச் காட்சி சில நிமிடங்கள்தான். அதற்குள் கோல் 2019இல் சில நாட்கள் இருந்து வந்தவன். விரல் நுனியில் உலகத்தின் எல்லாத் தகவலும் கிடைக்கும் ஊரில் இருந்தவன். புரூக் அறிவியல் ஆசிரியை வேறு. “உன் ஊருக்கு அடுத்த இருபது வருடத்தில் என்ன ஆகும்னு ஒருதடவை பார்க்கலாமா?” என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவன் சகோதரனிடம் திரும்பிப் போகும்போது அவன் கையில் இருந்திருக்கக்கூடிய ஒரே உபயோகமான பரிசு அந்தத் தகவல்தான். அதை எடுத்துக்கொள்ளாமல் போனான்.

*

பிரேஸ்பிரிட்ஜ் என்ற ஊர்ப் பெயரைத் தேடிப்போனதில் எனக்குக் கிடைத்தது பெரிய சந்தோஷம். கதையில் அது ஒஹையோ. படப்பிடிப்பு நடந்த இடங்களில் ஒன்று கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கும் நிஜமான பிரேஸ்பிரிட்ஜ். 1860களில் அந்த ஊருக்கு அந்தப் பெயரை வைத்தவர் ஒரு தபால்துறை அதிகாரி. எங்கிருந்து எடுத்தார்? அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1822இல் எழுதிய ‘பிரேஸ்பிரிட்ஜ் ஹால்’ என்ற நூலிலிருந்து.

இந்த இர்விங் யாரென்றால், கிறிஸ்துமஸ் ஏக்கத்தை ஆங்கில வாசகர்களுக்குப் பழக்கியவர்களில் முக்கியமானவர். 1819–20இல் ‘ஜெஃப்ரி கிரேயன்’ என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட ‘தி ஸ்கெட்ச் புக்’ தொகுப்பில், பிரேஸ்பிரிட்ஜ் மாளிகையில் நடக்கும் பழைய பாணிக் கிறிஸ்துமஸ் பற்றி வரிசையாகக் கட்டுரைகள் உண்டு. மாளிகைக்காரப் பெரியவர், தன் காலத்திலேயே செத்துக்கொண்டிருந்த சடங்குகளைப் பிடிவாதமாக நடத்திப்பார்க்கிறார். பன்றித்தலை விருந்து, பாட்டு, கூத்து, எல்லாம் அசலைப்போல. அதே தொகுப்பில்தான் ரிப் வான் விங்கிள் கதையும் இருக்கிறது. மலையில் தூங்கி எழுந்தவன் இருபது வருடத்தைத் தொலைத்து, ஊர் மாறிப்போய், மனைவி இறந்துபோய், யாருக்கும் அடையாளம் தெரியாமல் நிற்கும் கதை.

கிறிஸ்துமஸ் ஏக்கமும் காலம் தாண்டி விழுந்தவனும் ஒரே புத்தகத்தின் இரண்டு அறைகளில் இருந்திருக்கிறார்கள். ‘தி நைட் பிஃபோர் கிறிஸ்துமஸ்’ அந்த இரண்டு அறைக்கும் நடுவே இருந்த சுவரை இடித்துவிட்டது, ஊர்ப்பெயர் உட்பட. தெரிந்து செய்தார்களா, தற்செயலா என்று எனக்குக் கவலை இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இடிக்கும்போது தொலைந்துபோனது. ரிப் வான் விங்கிளுக்கு இழப்பு இருந்தது. அவன் தூங்கிய வருடங்களுக்கு ஒரு விலை இருந்தது. கோலின் 685 வருடங்களுக்கு விலையே இல்லை.

*

விலை கேட்ட இன்னொரு கதை, இந்தக் குடும்பத்துக்கே மூத்தது. டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’, 1843. ஸ்க்ரூஜ் என்ற கஞ்சன், மூன்று ஆவிகள், கடந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம். கிறிஸ்துமஸ் காலப்பயணக் கதைகள் எல்லாவற்றுக்கும் இதுதான் தாய்வீடு.

கடந்த காலத்தின் ஆவி அவனை ஆரம்பத்திலேயே எங்கே கூட்டிப்போகிறது என்று பாருங்கள். விடுமுறைக்கும் வீட்டுக்குப் போகாமல் பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் சிறுவனிடம். அது ஸ்க்ரூஜ்தான். அப்போது கதவைத் திறந்துகொண்டு அவன் தங்கை ஃபேன் ஓடிவருகிறாள், அண்ணனை வீட்டுக்கு அழைத்துப்போக. அவள் பிறகு இறந்துபோனாள். அவள் விட்டுப்போன ஒரே பிள்ளை ஃப்ரெட். வருடா வருடம் வந்து “மாமா, சாப்பிட வாங்க” என்று கூப்பிடுகிறவன் அவன்தான். ஸ்க்ரூஜ் விரட்டியடித்ததும் அவனைத்தான். கதையின் முடிவில் ஸ்க்ரூஜ் பெரிய வான்கோழியை ஏழைக் குமாஸ்தா வீட்டுக்கு அனுப்புவதுதான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அன்றைக்கு அவன் செய்யும் இன்னொரு காரியம், ஃப்ரெட் வீட்டு வாசலில் போய்க் கூச்சத்தோடு நிற்பது. செத்துப்போன தங்கைக்கு அவன் கொடுக்க வேண்டியதை அவள் பிள்ளையிடம் கொடுக்கிறான்.

கிறிஸ்துமஸ் காலப்பயணம், அதன் மூலத்தில், கூடப்பிறந்தவளுக்குப் பட்ட கடனைத் தீர்க்கும் பயணம். ஸ்க்ரூஜ் கடந்த காலத்துக்குப் போனான், ஏனென்றால் அங்கே அவன் யாரையோ விட்டுவிட்டு வந்திருந்தான். நூற்று எழுபத்தாறு வருடம் கழித்து அதே வாகனத்தில் ஏறும் கோல், கூடப்பிறந்தவனை விட்டுவிட்டு வருகிறான். வண்டி அதே வண்டி, போகும் திசைதான் தலைகீழ்.

*

சரி, புரூக்கின் பக்கம் வருவோம். இந்தப் படத்தில் நான் மிகவும் மன்னிக்க விரும்புவதும் மன்னிக்க முடியாததும் அங்கேதான் இருக்கிறது.

அவளுக்குப் பெற்றோர் இல்லை. அந்த வீட்டில் அவர்கள் இல்லாத பண்டிகையைத்தான் அவள் நடத்திக்கொண்டிருக்கிறாள். அக்கம்பக்கம், சகோதரி, குழந்தைகள் எல்லாம் இருந்தும் அந்தக் குறை தீரவில்லை. இப்படிப்பட்ட ஒருத்தியின் வாழ்க்கையில்தான் காலத்தின் கதவு திறக்கிறது. அம்மாவையோ அப்பாவையோ ஒரு மாலை பார்த்துவிட்டு வரலாம் என்று அவளுக்குத் தோன்றுவதே இல்லை. கதவு திறந்தது 1334க்கு. பத்திருபது வருடத்துக்கு முந்தைய சமையலறைக்கு அல்ல.

இந்த உபவகையின் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன். பண்டிகை நாட்களில்தான் செத்துப்போனவர்கள் அதிகமாக ஞாபகம் வருவார்கள். சாப்பாட்டு மேசையில் ஒரு இடம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தைப் பார்க்க முடியாதவர்களுக்காக எடுக்கப்படும் படங்கள் இவை. காலம் திரும்பும் என்ற ஆசையை வாங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக முன்பின் தெரியாத ஓர் அழகனை அங்கே உட்காரவைக்கிறார்கள். நம்முடைய கடந்த காலம் கேள்வி கேட்கும். யாருடையதோ கடந்த காலம் ஹாட் சாக்லேட் குடித்துவிட்டு நன்றி சொல்லும். இது ஏமாற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மழை ராத்திரியில் தனியாக இருக்கும் யாருக்கோ இது உண்மையிலேயே துணை. ஆனால் துணைக்கு வந்தவனுக்கும் ஒரு வீடு இருந்தது என்பதை மறைத்துத்தான் அந்தத் துணை கிடைக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அடையாள அட்டை இல்லை, பாஸ்போர்ட் இல்லை, எங்கிருந்து வந்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை, கையில் வாள் வேறு. 2019ஆம் வருடத்து அமெரிக்காவில் இப்படி ஓர் அந்நியன் சாலையில் கிடைக்கிறான். போலீஸ்காரர் நட்பாகப் பேசுகிறார், ஆசிரியை வீட்டில் இடம் கொடுக்கிறாள். அதே வருடம் அதே நாட்டின் தெற்கு எல்லையில் காகிதம் இல்லாமல் வந்தவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்று செய்திகளில் பார்த்தோம். ஆவணமற்ற ஒருவனைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் ஊர் என்பதே இந்தப் படத்தின் மிகப்பெரிய ஃபேண்டஸி. காலப்பயணம் அதற்கு அடுத்தபடிதான்.

*

என் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், 1978இல் பினாங்குக்குப் போனவர். அம்மாவுக்கு அப்போது பதினாறு வயது. முதலில் மாதம் ஒரு கடிதம், பிறகு வருடத்துக்கு இரண்டு. ஒரு தடவை தெரிந்தவரிடம் ஒரு கைக்கடிகாரம் கொடுத்தனுப்பினார். பிறகு ஒன்றும் இல்லை. அங்கே கல்யாணம் செய்துகொண்டார், நன்றாக இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். இதை வீட்டில் யாரும் சோகக் கதையாகச் சொல்வதில்லை. கேட்டால் சொல்வார்கள், அவ்வளவுதான். அந்தக் கதையில் மாமாதான் சாகசக்காரர். அம்மா, வாசலில் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றவர். அவருக்குப் படத்தில் வசனமே கிடையாது.

அம்மா ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்று எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆனது.

அதற்குப் பிறகு படத்தின் கடைசியை மறுபடி போட்டுப் பார்த்தேன். பெயர்கள் ஓடத் தொடங்கிய பிறகு சின்னதாக ஒரு காட்சி வருகிறது. முதல்முறை அதற்குள் நான் நிறுத்திவிட்டிருந்தேன். ஜெஃப்ரி. அவன் முன்னால் அதே கிழவி. அடுத்த பாகத்துக்குப் போட்டுவைத்த துண்டு என்று எல்லோருக்கும் தெரியும். வியாபாரம்தான். ஆனாலும் யாரோ ஒருவருக்கு அங்கே தனியாக நின்றவன் ஞாபகம் வந்திருக்கிறது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்.

“அப்ப இவனும் வந்துருவானா?”

“வரலாம்மா. அடுத்த படம் எடுத்தாத்தான் தெரியும்.”

“எடுப்பாங்களா?”

2019இல் வந்த படம், இன்னும் எடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. “எடுப்பாங்க” என்றேன்.